கலைக்கு வரிப்பணம் தரலாமா? அமெரிக்காவில் நடந்த சர்ச்சை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அரசு கலைஞர்களுக்குப் பணம் தர வேண்டுமா, தந்தால் என்ன நிபந்தனையோடு தரலாம் என்ற வாக்குவாதம் 1989இல் பெரிதாக வெடித்தது, இன்றுவரை அடங்கவில்லை. இந்தச் சண்டையில் பேசப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். இழந்தவர்களோ பெயர் வெளியே வராத பலர். கலைக்கு அரசு பணம் தர வேண்டும் என்பதே இதை எழுதுபவரின் கருத்து. ஆனாலும் மறுதரப்பின் வாதங்களை அவற்றின் முழு வலுவோடு எடுத்துவைக்காமல் இந்தக் கதையைச் சொல்வது முறையாகாது.

சர்ச்சையின் நடுவில் இருக்கும் அமைப்பு எது? அது எப்படிப் பணம் தருகிறது?

அதன் பெயரைக் கலைகளுக்கான தேசிய நிதியம் என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு என்.இ.ஏ. என்று குறிப்பிடுவதே வழக்கம். ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 1965 செப்டம்பர் 29 அன்று கையெழுத்திட்ட சட்டத்தால் இது அமைந்தது. எந்த அரசாலும் ஒரு பெரும் கலைஞரை உண்டாக்கிவிட முடியாது, ஆனால் சிந்தனைக்கும் கற்பனைக்கும் சுதந்திரம் கிடைக்கும் சூழலை வளர்க்க அரசு துணை நிற்பது தகும் என்ற பொருளில் அந்தச் சட்டத்தின் முகப்பிலேயே எழுதி வைத்தார்கள்.

முதல் ஆண்டில் ஒதுக்கிய தொகை 30 லட்சம் டாலருக்கும் குறைவு. 1992இல் அது சுமார் 17.6 கோடி டாலராக உயர்ந்தது. அன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ 25 கோடி என்பதால், தலைக்கு எழுபது சென்ட் அளவில் வருகிறது. விண்ணப்பங்களை அந்தந்தத் துறையின் கலைஞர்களும் வல்லுநர்களும் அடங்கிய குழு முதலில் படித்துப் பரிந்துரைக்கும். ஜனாதிபதி நியமிக்கும் தேசியக் கலைக் கவுன்சில் அதைப் பரிசீலிக்கும். இறுதிக் கையெழுத்து நிதியத்தின் தலைவருடையது. அமைப்புகளுக்குத் தரும் நிதி பெரும்பாலும், அவர்கள் வெளியே ஒரு டாலர் திரட்டினால் அரசு ஒரு டாலர் தரும் என்ற கணக்கில் போகிறது. வழங்கு நிதியில் 40 விழுக்காடு இப்போது நேராக மாநில, வட்டாரக் கலை அமைப்புகளுக்குச் செல்கிறது.

அதற்கு முன்பு அமெரிக்க அரசு கலைக்குப் பணம் தந்ததே இல்லையா?

தந்தது, அதிலும் சண்டை வந்தது. பெருமந்தக் காலத்தில், 1935இல், வேலையிழந்த ஓவியர்கள், எழுத்தாளர்கள், இசைக்கலைஞர்கள், நடிகர்களுக்குக் கூலி கொடுத்து வேலை தரும் திட்டத்தை ரூஸ்வெல்ட் அரசு தொடங்கியது. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஓவியர்கள் ஜாக்சன் பொல்லாக், மார்க் ராத்கோ இருவரும் அந்தக் கூலியில் வாழ்ந்தவர்கள்தாம். நாடகப் பிரிவுக்கு ஹாலி ஃபிளானகன் என்ற பெண்மணி தலைமை தாங்கினார். 1938 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு அவரை அழைத்து, நாடகங்களில் கம்யூனிசம் பரப்பப்படுகிறதா என்று துருவியது. அவர் எழுதிய கட்டுரை ஒன்றில் வந்த மார்லோவின் பெயரைச் சுட்டிக்காட்டி, அவரும் கம்யூனிஸ்டா என்று அலபாமா மாநில உறுப்பினர் ஜோ ஸ்டார்ன்ஸ் கேட்டார். கிறிஸ்டோபர் மார்லோ ஷேக்ஸ்பியருக்குச் சற்று முன்பு எழுதிய நாடகாசிரியர் என்பதைப் பதிவு செய்துகொள்ளும்படி ஃபிளானகன் பதில் சொன்னார். அவையில் சிரிப்பு எழுந்தது என்றாலும், நாடகப் பிரிவில் வேலை பார்த்த எட்டாயிரம் பேருக்கு அந்தப் பதிலுக்காகச் சோறு போட யாரும் முன்வரவில்லை. 1939 ஜூன் 30 அன்று நாடகப் பிரிவுக்கான நிதியை நாடாளுமன்றம் அடியோடு நிறுத்தியது.

1989இல் என்னதான் நடந்தது?

இரண்டு பெயர்களைச் சுற்றித்தான் எல்லாம் நடந்தது.

முதலாமவர் ஆந்த்ரே செரானோ என்ற நியூயார்க் புகைப்படக் கலைஞர். தம்முடைய சிறுநீர் நிரம்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் சிலுவை ஒன்றை அமிழ்த்தி அவர் 1987இல் எடுத்த படம்தான் விவகாரமானது. பெயரைப் படிக்காமல் பார்ப்பவருக்குத் தெரிவது செம்பொன் ஒளியில் மிதக்கும் சிலுவையும் அதைச் சூழ்ந்த நுண்ணிய குமிழிகளும்தான். படத்தின் தலைப்பிலேயே சிறுநீர் என்ற கொச்சைச் சொல் இருந்தது. கோபத்தை மூட்டியதில் பாதிப் பங்கு அந்தத் தலைப்புக்கு உண்டு. என்.இ.ஏ. அவருக்கு நேரடியாக எதையும் தரவில்லை. வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரிலுள்ள சமகாலக் கலை மையம் ஒன்றுக்கு நிதி தந்தது. அந்த மையம் தனியார் அறக்கட்டளைகளின் பணத்தையும் சேர்த்து நடத்திய பரிசுத் திட்டத்தின் நடுவர்கள் செரானோவையும் தேர்ந்தெடுத்து 15,000 டாலர் வழங்கினார்கள். பரிசு பெற்றவர்களின் கண்காட்சி நகரம் நகரமாகச் சென்று முடிந்தும் போயிற்று. அதன்பிறகுதான், 1989 ஏப்ரலில், டானல்ட் வைல்ட்மன் என்ற பாதிரியாரின் அமைப்பு நாடெங்கும் கடிதம் அனுப்பியது. மே 18 அன்று செனட் அவையில் நியூயார்க் உறுப்பினர் அல்ஃபோன்ஸ் டமாட்டோ கண்காட்சிப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டார். கொதித்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் படத்தை நேரில் பார்த்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்களுடைய வேதனையைப் பொய் என்று சொல்ல மாட்டேன். தாம் வணங்கும் உருவம் அப்படிக் கையாளப்பட்டதைக் கேள்விப்பட்டாலே ஒரு பக்தரின் மனம் புண்படும்.

இரண்டாமவர் ராபர்ட் மேப்பிள்தோர்ப் என்ற புகைப்படக் கலைஞர். அவர் 1989 மார்ச் 9 அன்று எய்ட்ஸ் நோயால் இறந்தார். அவருடைய 175 படங்கள் கொண்ட கண்காட்சியை ஃபிலடெல்ஃபியாவின் சமகாலக் கலைக் கழகம் என்.இ.ஏ. தந்த 30,000 டாலர் உதவியுடன் தயாரித்திருந்தது. பூக்கள், பிரபலங்களின் உருவப்படங்கள், நிர்வாண உடல்கள் ஆகியவற்றோடு, ஒருபால் ஈர்ப்புள்ள ஆண்கள் இசைந்து ஈடுபடும், வலியும் அடக்கி ஆள்வதும் கலந்த பாலுறவுச் சடங்குகளை ஒளிவுமறைவின்றிக் காட்டிய சில படங்களும் அதில் இருந்தன. வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு அருகே இருந்த கார்கோரன் கலைக்கூடம், நாடாளுமன்றத்தின் கோபத்துக்கு அஞ்சி, திறப்பு விழாவுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் ஜூன் 12 அன்று கண்காட்சியைக் கைவிட்டது. அந்த ஜூன் 30 இரவில் நூற்றுக்கணக்கானோர் அதன் வாசலில் கூடி, உள்ளே தொங்கியிருக்க வேண்டிய படங்களை ஒளிக்கருவியால் வெளிச்சுவரின் மீது பெரிதாக விழச் செய்தார்கள். மேப்பிள்தோர்ப் தாமே எடுத்துக்கொண்ட முகப்படம், கலைக்கூடத்தின் கல்லில் ஒளியாக நின்றது.

சின்சினாட்டி வழக்கில் என்ன தீர்ப்பு வந்தது?

அதே கண்காட்சி 1990 ஏப்ரல் 7 அன்று ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் திறக்கப்பட்ட நாளிலேயே அங்குள்ள கலை மையத்தின் மீதும் அதன் இயக்குநர் டென்னிஸ் பேரி மீதும் ஆபாசக் குற்றச்சாட்டு பதிவானது. கலைப்பொருள் ஒன்றைக் காட்சிக்கு வைத்ததற்காக ஓர் அமெரிக்க அருங்காட்சியகத்தின் இயக்குநர் குற்றவியல் விசாரணையைச் சந்தித்தது அதுவே முதல்முறை. 175 படங்களில் ஏழு மட்டுமே வழக்கில் இருந்தன.

ஒன்றை ஆபாசம் என்று முடிவு செய்ய 1973இல் உச்ச நீதிமன்றம் வகுத்த மூன்று சோதனைகள் உண்டு. அது காம இச்சையைத் தூண்டுவதாக இருக்க வேண்டும். பாலுறவை அப்பட்டமாக, அருவருக்கத்தக்க வகையில் காட்ட வேண்டும். கலை, இலக்கிய, அரசியல், அறிவியல் மதிப்பு எதுவும் அதில் இல்லாதிருக்க வேண்டும். மூன்றும் ஒருங்கே பொருந்தினால்தான் குற்றம். அரசுத் தரப்பு பெரும்பாலும் படங்களைக் காட்டிவிட்டு, அவையே பேசும் என்று விட்டுவிட்டது. எதிர்த்தரப்போ அருங்காட்சியக நிபுணர்களைக் கூண்டில் ஏற்றி, ஒளியையும் அமைப்பையும் பொறுமையாக விளக்க வைத்தது. கலைக்கூடங்களுக்குப் போய்ப் பழக்கமில்லாத சாதாரண மக்களே பெரும்பான்மையாக இருந்த நடுவர் குழு, படங்கள் தங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் கலைமதிப்பு இல்லை என்று சொல்ல முடியாது என்று கருதி, அக்டோபர் 5 அன்று குற்றவாளி அல்ல எனத் தீர்ப்பளித்தது. இந்தச் சர்ச்சை முழுவதிலும் என் மதிப்பில் உயர்ந்து நிற்பவர்கள் அவர்கள்தாம். தம் ரசனையைத் தீர்ப்பாக்காமல் விலக்கி வைத்தார்கள்.

நாடாளுமன்றம் எப்படிப் பதிலடி கொடுத்தது?

சின்சினாட்டி வழக்குக்கு முன்பே, 1989இல், அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டில் சரியாக 45,000 டாலரைக் குறைத்தது. செரானோவின் 15,000, மேப்பிள்தோர்ப் கண்காட்சியின் 30,000. கூட்டிப் பார்த்தால் கணக்கு புரியும். கோடிக்கணக்கில் செலவழிக்கும் அவையில் அது சில்லறைத் தொகை. ஆனால் யாருக்காக அந்த அடி விழுந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வட கரோலினா செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் கொண்டுவந்த கடுமையான தடை நீர்த்துப்போய், ஆபாசமானவற்றுக்கு நிதி இல்லை என்ற விதியாக நிறைவேறியது.

அப்போது என்.இ.ஏ. தலைவராக இருந்த ஜான் ஃப்ரான்மேயர், நிதி பெறுவோர் அனைவரும் அந்த விதிக்குக் கட்டுப்படுவதாக எழுதித் தர வேண்டும் என்றார். நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடகத் தயாரிப்பாளர் ஜோசஃப் பாப் பணத்தையே வேண்டாம் என்று மறுத்தார். லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த நடனக் கலைஞர் பெல்லா லெவிட்ஸ்கி உறுதிமொழி வாசகத்தை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டு, வழக்கும் தொடுத்து, 1991 ஜனவரியில் வென்றார். எது ஆபாசம் என்பதை ஓர் அலுவலகம் தன் விருப்பப்படி முடிவு செய்வது அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாது என்று நீதிமன்றம் கூறியது.

‘கண்ணியம்’ என்ற விதி எங்கிருந்து வந்தது? உச்ச நீதிமன்றம் அதை ஏற்றதா?

1990 ஜூனில், நிபுணர் குழு பரிந்துரைத்திருந்த நான்கு மேடைக் கலைஞர்களின் விண்ணப்பங்களை ஃப்ரான்மேயர் நிராகரித்தார். கேரன் ஃபின்லி, ஜான் ஃபிளெக், ஹாலி ஹியூஸ், டிம் மில்லர் என்ற அந்த நால்வரும் பெண்ணுடல், பாலியல், ஒருபால் உறவு ஆகியவற்றைத் தங்கள் நிகழ்ச்சிகளில் வெளிப்படையாகப் பேசியவர்கள். அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1993இல் அவர்களுக்குரிய தொகையை அரசு கொடுத்து அந்தப் பகுதியை முடித்துக்கொண்டது.

ஆனால் அதற்குள் நாடாளுமன்றம் 1990ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தில், கலைத்தரத்தை எடைபோடும்போது பொதுவான கண்ணிய நெறிகளையும் அமெரிக்க மக்களின் பல்வேறு நம்பிக்கைகளுக்கும் மதிப்பீடுகளுக்கும் உரிய மரியாதையையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று சேர்த்துவிட்டது. நால்வரும் அதையும் எதிர்த்தார்கள். 1998 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் விதி செல்லும் என்றது. நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் எழுதிய தீர்ப்பின்படி, ‘கருத்தில் கொள்ள வேண்டும்’ என்பது அறிவுரைதான், தடை அன்று. குறிப்பிட்ட கருத்துகளைத் தண்டிக்க அதைப் பயன்படுத்தினால் அப்போது வேறு வழக்காகும். நீதிபதி ஸ்கலீயா முடிவில் உடன்பட்டாலும் காரணத்தில் உடன்படவில்லை: இந்த விதி சில கருத்துகளை ஒதுக்கத்தான் செய்கிறது, ஆனால் அரசு தன் பணத்தைத் தனக்குப் பிடித்ததற்குத் தர உரிமை உண்டு என்றார். டேவிட் சூட்டர் மட்டும் முழுதாக மறுத்தார். மூன்று பேரில் விதியின் பொருளை உள்ளபடி படித்தவர்கள் ஸ்கலீயாவும் சூட்டரும்தான் என்று நான் கருதுகிறேன். அதிலிருந்து சரியான முடிவுக்கு வந்தவர் சூட்டர்.

பணம் தர மறுப்பதும் தணிக்கையும் ஒன்றா?

ஒன்றல்ல. நிதி கிடைக்காதவர் தம் சொந்தக் காசில் ஆடலாம், பாடலாம், வரையலாம். யாரும் சிறையில் தள்ளப்போவதில்லை. விண்ணப்பிக்கும் பலரில் சிலருக்குத்தான் கிடைக்கும் என்பதால் மறுப்பு என்பது அன்றாட நடைமுறை. ஆனால் நிபுணர் குழு நன்று என்று பரிந்துரைத்த ஒன்றை, அது சொல்லும் கருத்துக்காகவே மேலே இருப்பவர் நீக்கும்போது விஷயம் மாறுகிறது. அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பவர் எதை எழுதக்கூடாது என்று தானே முன்கூட்டி யோசிக்கத் தொடங்குவார். கார்கோரன் கலைக்கூடத்துக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அஞ்சித் தானே கண்காட்சியைக் கைவிட்டது.

எதிர்ப்பவர்களின் வாதத்தில் நியாயமே இல்லையா?

நிறைய உண்டு, அதை ஏளனமாகப் பார்த்ததுதான் கலையுலகம் செய்த பெரும் பிழை.

அவர்களுடைய முதல் வாதம் வரியைப் பற்றியது. பிடிக்காத நாடகத்துக்கு டிக்கெட் வாங்காமல் இருக்கலாம். வரி கட்டாமல் இருக்க முடியாது. தான் நம்பாத கருத்தைப் பரப்ப ஒருவரைக் கட்டாயப்படுத்திப் பணம் வாங்குவது கொடுங்கோன்மை என்று தாமஸ் ஜெஃபர்சன் வர்ஜீனியாவின் மதச் சுதந்திரச் சட்டத்தில் எழுதியதை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். ஆலைத் தொழிலாளி ஒருவர், என் சாமியை இழிவு செய்ய என் சம்பளத்திலிருந்து எடுத்தார்களா என்று கேட்டால், கலை உங்களுக்குப் புரியாது என்பது பதிலாகாது. தலைக்கு எழுபது சென்ட்தானே என்பதும் பதிலாகாது, ஏனென்றால் அவர் கேட்பது தொகையைப் பற்றியதன்று. என் பதில் இதுதான்: போருக்கும் சாலைக்கும் பள்ளிப் பாடத்துக்கும் போகும் வரியிலும் ஒவ்வொருவரும் ஏற்காத ஏதோ ஒன்று இருக்கிறது, பொதுப்பணம் என்றாலே அப்படித்தான். ஆனால் அந்தப் பணத்தை யார், எப்படி, எதற்குத் தந்தார்கள் என்பதை அந்தத் தொழிலாளி கேட்டால் தெளிவாகச் சொல்லும் கடமை தருபவருக்கு உண்டு. அந்தக் கடமையை என்.இ.ஏ. நெடுங்காலம் அலட்சியம் செய்தது.

இரண்டாவது வாதம் தேர்வுக் குழுக்களைப் பற்றியது. கலைஞர்களே கலைஞர்களுக்குப் பணம் ஒதுக்கினால், இன்று நடுவராக இருப்பவர் நாளை விண்ணப்பதாரர். ஒரே வட்டத்துக்குள் பணம் சுற்றும் என்றார்கள். இது உண்மையான குறை. 1990ஆம் ஆண்டின் அதே திருத்தம், ஒவ்வொரு குழுவிலும் தொழில்முறைக் கலைஞர் அல்லாத, ஆனால் கலை அறிந்த ஒரு குடிமகனாவது இருக்க வேண்டும் என்று விதித்தது. அந்தப் பகுதியை நான் மனதார வரவேற்கிறேன்.

150 டாலருக்காக ஒரு சண்டை நடந்ததாகச் சொல்வது உண்மையா?

உண்மை. 1994 மார்ச்சில் மினியாபொலிஸ் நகரில் ரான் ஏத்தி என்ற எச்.ஐ.வி. உள்ள கலைஞர் ஒரு சிறு அரங்கில் நிகழ்ச்சி நடத்தினார். உடன் நடித்தவரின் முதுகில் மெல்லிய கீறல்கள் இட்டு, இரத்தத்தைக் காகிதத் துண்டுகளில் ஒற்றி, கொடிக் கயிற்றில் மாட்டிப் பார்வையாளர்களின் தலைக்கு மேலே நகர்த்தினார். நோய்க்கிருமி உள்ள இரத்தம் மக்கள் மீது சொட்டியது என்ற செய்தி நாடெங்கும் பரவியது. எதுவும் சொட்டவில்லை, கீறப்பட்டவருக்கு எச்.ஐ.வி. இல்லை. நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த வாக்கர் கலை மையம் பெற்றிருந்த அரசு நிதியிலிருந்து அதற்குப் போன பங்கு சுமார் 150 டாலர். மறுப்புச் செய்தி வருவதற்குள் நாடாளுமன்றத்தில் உரைகள் முடிந்திருந்தன.

கடைசியில் யார் இழந்தார்கள்?

செரானோ உலகப் புகழ் பெற்றார். மேப்பிள்தோர்ப் கண்காட்சியைச் சின்சினாட்டியில் மட்டும் 80,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். சர்ச்சையின் நாயகர்களுக்குச் சர்ச்சையால் பணநட்டம் பெரிதாக இல்லை.

1994 தேர்தலில் நாடாளுமன்றம் குடியரசுக் கட்சியின் கைக்குப் போனது. என்.இ.ஏ.யின் ஒதுக்கீடு 1995இல் சுமார் 16.2 கோடி டாலராக இருந்தது, 1996இல் 9.95 கோடியாக இறங்கியது. தனிக் கலைஞர்களுக்கு நேரடியாக நிதி தரும் வழக்கம், எழுத்தாளர்களைத் தவிர ஏனையோருக்கு நின்றது. ஜாஸ் இசைக்கும் மரபுக் கலைகளுக்கும் உரிய கௌரவ விருதுகள் மட்டும் தப்பின. ஓவியர், சிற்பி, புகைப்படக்காரர், நடனம் அமைப்பவர் ஆகியோருக்கு அந்தக் கதவு அன்று சாத்தப்பட்டதுதான். 1997 ஜூலையில் கீழவையில் நிதியத்தையே ஒழிக்க வழிசெய்த வாக்கெடுப்பு 217க்கு 216 என்று ஒரே வாக்கில் வென்றது. செனட் தலையிட்டு அதைக் காப்பாற்றியது.

வாடகை, நிறக்குழம்பு, ஒத்திகைக் கூடம் என்று ஓர் ஆண்டைத் தாங்கும் சிறு தொகைதான் பெயர் தெரியாத ஒரு கலைஞருக்கு வேண்டியது. ஆபாசம் என்ற சொல்லோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆயிரக்கணக்கானவர்களின் அந்த ஓர் ஆண்டுதான் பறிபோனது.

பணக்காரர்களும் நிறுவனங்களும் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

ஓரளவு பார்த்துக்கொள்கிறார்கள். தனியார் கொடை என்.இ.ஏ.யின் தொகையைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் அந்தக் கொடைக்கு அமெரிக்காவில் 1917 முதல் வருமான வரிக் கழிவு உண்டு. செல்வந்தர் ஒருவர் ஆப்பெரா அரங்குக்குக் கொடுக்கும்போது, அரசுக்கு வரவேண்டிய வரியில் ஒரு பகுதி சேர்ந்தே போகிறது. அதுவும் பொதுப்பணம்தான், எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் மட்டும் கொடையாளர். அந்தக் கொடை பெருநகரங்களின் பெரிய அரங்குகளையே நாடுகிறது. மொன்டானாவிலோ மிசிசிப்பியிலோ இருக்கும் சிற்றூர் இசைக்குழுவுக்கு அப்படிப்பட்ட புரவலர் எளிதில் அமைவதில்லை.

இப்போது நிலைமை என்ன?

2024ஆம் ஆண்டின் ஒதுக்கீடு 20.7 கோடி டாலர். டானல்ட் டிரம்ப் தம் முதல் ஆட்சியிலும் நிதியத்தை ஒழிக்கப் பரிந்துரைத்தார், நாடாளுமன்றம் ஏற்கவில்லை. 2025 மே 2 அன்று வெள்ளை மாளிகையின் நிதிநிலைத் திட்டம் மறுபடி ஒழிப்பைப் பரிந்துரைத்தது. அன்று மாலையே நாடெங்கும் நாடகக் குழுக்களுக்கும் இலக்கிய இதழ்களுக்கும், ஏற்கெனவே தருவதாக ஒப்புக்கொண்ட நிதி நிறுத்தப்படுகிறது என்று மின்னஞ்சல் வந்தது. பாலின அடையாளம் குறித்த கருத்துகளைப் பரப்ப மாட்டோம் என்று விண்ணப்பதாரர்கள் உறுதி கூற வேண்டும் என்ற நிபந்தனையும் அதே ஆண்டின் தொடக்கத்தில் வந்து, நீதிமன்றம் சென்றது. 1990இல் லெவிட்ஸ்கி அடித்துவிட்டுக் கையெழுத்திட்ட தாளை நினைவூட்டும் நிபந்தனை அது.

இந்தப் பணம் தமிழ்க் கலைஞர் எவருக்காவது போய்ச் சேர்ந்ததுண்டா?

உண்டு. வீணை தனம்மாளின் பேரனும் நடனக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பியுமான புல்லாங்குழல் கலைஞர் டி. விஸ்வநாதன், கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் கர்நாடக இசை கற்பித்தார். என்.இ.ஏ. மரபுக் கலைஞர்களுக்கு வழங்கும் தேசியப் பாரம்பரிய விருது 1992இல் அவருக்குக் கிடைத்தது. ஃப்ரான்மேயரைப் பதவியிலிருந்து விரட்டும் அளவுக்குச் சண்டை உச்சத்தில் இருந்த ஆண்டு அது. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக வேறு பெயர்களை எழுதிக்கொண்டிருந்தபோது, அதே அலுவலகத்தின் இன்னொரு கோப்பில் தஞ்சாவூர் மரபின் பதங்களையும் ஜாவளிகளையும் அமெரிக்க மாணவர்களுக்குப் பாடிக் காட்டி, குழலில் வாசித்துக் காட்டிய ஒரு மனிதரின் பெயர் இருந்தது.